பின்சீட்டில் இறக்கி வைத்த அலுப்பு

மலைமேல் ஏணிப்பாறைக்கு ஏறி இறங்குகிற ஒரே ஜீப்பில் உட்கார்ந்து போகிறவர்களுடைய அலுப்பு அந்த ஜீப்பிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஊர் கண்டுபிடிக்கவில்லை, பின்சக்கரத்துப் பட்டைதான் கண்டுபிடித்தது. வண்டியின் பாரத்தை அச்சுக்கு மேலே ஏந்திக்கொண்டு, வில்லாக வளைந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக் கிடக்கிற இரும்புதான் பட்டை. அதற்குப் பாரம் மட்டும்தான் தெரியும், பாரம் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பது தெரியாது. ஒரு சந்தை நாளில், ஆட்கள் எல்லாரும் இறங்கி மூட்டைகளும் இறங்கிப் போன பிறகு, அடிவாரத்துப் போடி கடைத்தெருவில் அந்த ஜீப்பு படுக்கப் போகிற மாடு மாதிரிப் பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ஓட்டுகிற பெத்தணன் குனிந்து பார்த்தான். பட்டை ஒடிந்திருக்கும் என்று நினைத்தான். ஒடியவில்லை. வண்டியை நேராக சிக்கந்தர் ராவுத்தர் பட்டறைக்கு விட்டான்.

ராவுத்தர்தான் அந்த ஜீப்புக்குப் பாதித் தகப்பன். ராணுவம் கழித்து ஏலம் விட்ட, வெறும் அடிச்சட்டமான சேஸை பெத்தணன் மாட்டுவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து, அதற்கு ஒரு வேனின் டீசல் இஞ்சினைப் பொருத்தியதும், எந்த வண்டியுடையதோ தெரியாத ஒரு கியர்பாக்ஸை இடம் போதாமல் திருப்பி மாட்டியதும், அதனால் முதல் கியர் விழவேண்டிய இடத்தில் ரிவர்ஸ் விழும்படி ஆகிப்போனதும் அவருடைய கைவேலை. அந்த கியரைப் போடத் தெரிந்தவர்கள் அவரும் பெத்தணனும் மட்டும்தான். வேறு யார் தொட்டாலும் வண்டி பின்னால் போய்ப் பள்ளத்தைப் பார்க்கும்.

ராவுத்தர் ஜாக்கியை வைத்தார். வண்டி எழவில்லை, ஜாக்கிதான் தரைக்குள் இறங்கியது. அவர் எழுந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"காலி வண்டியா மாப்ள இது? உள்ள என்னத்த வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல மாமா. நீங்களே பாருங்க."

ராவுத்தர் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து அடியில் கைவிட்டுத் துழாவினார். கொஞ்ச நேரம் துழாவுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கினார். என்றோ ஒரு லாரி இஞ்சினைத் தூக்கியபோது வளைந்து, அதன்பிறகு தொழுகையில்கூட நேராகாத அவருடைய முதுகு நேராகியிருந்தது. பட்டை இன்னொரு விரல் தாழ்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ராவுத்தர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, சரி, ஒரு பட்டை சேர்த்துப் போட்டுவிடுவோம் என்றார். கண்ணுக்குத் தெரிந்த பாரமோ தெரியாத பாரமோ, பட்டறையில் அதற்குச் செய்யக்கூடியது அதுதான்.

பெத்தணன் மேலே போய்ச் சொன்னபோது ஏணிப்பாறைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. காட்டில் காளான் முளைக்கிற இடத்தைக் கண்டவள் வாயைத் திறக்காமல் இருப்பது போல, ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அப்படி நடக்கிறது என்று எண்ணி, சந்தைக்குப் போய் வந்து, கால்வலி இல்லாமல் இறங்கி, வலிப்பது போலக் கொஞ்சம் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இப்போது நொண்ட வேண்டியதில்லை என்று ஆனது. சந்தைக்குப் போகாதவர்களும் வந்து ஏறினார்கள். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் போதும், உட்கார்ந்து எழுந்தால் சரியாகிவிடும் என்பது தெரிந்தது. பிள்ளை பெற்றவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், கொள்ளி வைத்துவிட்டு வந்தவனை உட்கார வைத்தார்கள், மாமியார்களும் மருமகள்களும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டுப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். உழைத்த அலுப்புக்குக் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒச்சப்பனைப் பெண்டாட்டி ஏற்றி இறக்கினாள், அதன்பிறகு அவன் சும்மா குடிக்கிறேன் என்று சொல்லிக் குடித்தான். கீழேயிருந்து ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் கூட்டத்தைப் பார்த்துத் தானும் ஏறி உட்கார்ந்தார், பட்டை அசையவே இல்லை என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜீப்பு தீர்க்காத அலுப்பு பெத்தணனுடையது ஒன்றுதான். அவன் உட்காரும் இடம் முன்னால். மலையில் அந்த கியர் அவனுக்கு மட்டும்தான் வாய்த்தது என்பதால் அவன் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. சும்மா நிற்கும்போது உட்காரலாமே என்று ராவுத்தர் கேட்டதற்கு, நிற்கும்போது கீழே படுத்துக்கொண்டல்லவா இருக்கிறேன் என்றான். அது உண்மைதான். ஓடாத நேரமெல்லாம் அவன் வண்டிக்கு அடியில், கிரீஸும் சேறும் முகத்தில் சொட்ட, ஏதாவது ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"கண்டக்டருக்கு டிக்கெட் கெடையாதுல்ல மாப்ள, அது மாதிரி" என்றார் ராவுத்தர்.

அவன் அந்த ஜீப்பைக் கட்டியதற்குக் காரணம் ஊருக்குத் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவன் மனைவி செல்லக்காமு, நிறைமாதத்தில், அடைமழையில், டோலியில் கட்டி நான்கு பேர் தூக்கி இறங்கும்போது, வழுக்குப்பாறை வளைவில் தூக்கியவர்களுக்குக் கால் தாங்காமல் கொஞ்சம் இறக்கி வைத்தார்கள். இறக்கிய இடத்திலேயே அவள் அடங்கிவிட்டாள். அவர்களை அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அலுத்துப்போனால் இறக்கத்தான் செய்வார்கள். அந்த வளைவில் பழைய சுமைதாங்கி ஒன்று உண்டு, தலைச்சுமைக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் தோளளவில் சுமையைச் சாய்த்து வைக்க ஏதுவாக, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் போட்டது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்கு அப்படி ஒரு கல் போடுவது வழக்கம், தன் சுமையை இறக்காமல் போனவள், மற்றவர்கள் இறக்கி வைப்பதில் ஆறுவாள் என்று. செல்லக்காமுவுக்கும் ஒன்று போடச் சொன்னார்கள். பெத்தணன், இனிமேல் யார் தலையில் சுமக்கப் போகிறார்கள், நான் வண்டி விடுகிறேன் என்றான். ஜீப்பின் நெற்றியில் அவள் பெயரை எழுதினான். அவ்வளவுதான்.

இப்போது பெருமாயியின் மகள் சுருளிக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெருமாயி அவனுக்கு மதினி முறை, காப்பிப்பழம் பறிக்கிற பெண்களில் வாய் நீளமானவள், பாதையும் ஜீப்பும் இல்லாத காலத்தில் மூட்டையைத் தலையில் வைத்து மலை இறங்கியவள். மருமகன் திருப்பூரில் இருந்தான். முதல் பிள்ளை, தலை திரும்பவில்லை, வலி எடுத்தால் கீழே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெத்தணன், கவலைப்படாதே மதினி, நான் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். சொன்ன நாளிலிருந்து அவன் கண்ணுக்கு அந்தப் பட்டைகள்தான் தெரிந்தன.

ஏனென்றால் சேர்த்த பட்டை போதவில்லை. இன்னொன்று போட்டார்கள், அதுவும் படிந்தது. ஏற்றத்தில் இஞ்சின் முக்கியது, இறக்கத்தில் பிரேக் பிடித்தும் வண்டி நடந்தது, கிளட்ச் பிளேட் கருகி வாடை வந்தது. சேற்றில் பிடிக்கிற பட்டன் டயர் மாட்டினார்கள், சேஸுக்கு இருபுறமும் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். கடைசியில் ராவுத்தர், இந்த அச்சு தாங்காது மாப்ள, லாரியோட அச்சு ஹவுசிங்கும் லாரிப் பட்டையும் கிடைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். அது இரண்டும் எஸ்டேட் ஷெட்டில் துருவேறிக் கிடந்தன.

எஸ்டேட் கணக்கையும் ஆட்களையும் பார்க்கிற ரைட்டர் சவுந்தரபாண்டி தாராளமாகக் கொடுத்தார். எடுத்துக்கொள், பதிலுக்கு ஒன்றும் வேண்டாம், பறிப்புக் காலம் முடிகிறவரை மத்தியானத்தில் வண்டியைக் காப்பிக்களத்தில் கொண்டுவந்து நிறுத்து, பாவம் பெண்கள் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருக்கட்டும் என்றார். நல்ல மனசு என்று ஊர் சொன்னது. காலையில் பறித்துக் கொட்டிய பெண்கள் மத்தியானம் ஜீப்பில் ஏறி இறங்கினார்கள், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். நிற்கிறவர்களைப் பார்த்து ரைட்டர், அப்படியே இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்துவிடுங்களேன் என்றார். அதற்கு ரெண்டாம் சுத்து என்று பெயர் வந்தது. சில நாள் போனதும் அது வழக்கம் என்று ஆனது, அதன்பிறகு அது வேலை என்று ஆனது.

பெண்கள் ராத்திரி தூக்கம் வராமல் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கத் தொடங்கினார்கள். அலுப்பு இல்லாத உடம்புக்குத் தூக்கம் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியவில்லை. விரல் நுனிகள் வெடித்தன, அடி மரத்தில் இடித்த முழங்கால் வீங்கியது, ஆனாலும் பறித்துக்கொண்டே இருந்தார்கள். பெருமாயி ஒரு நாள் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, முன்னெல்லாம் போதும் வீட்டுக்குப் போ என்று உள்ளே இருந்து ஒருத்தி சொல்வாள், இப்போது சொல்ல ஆளில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இருந்தும் மறுநாள் மத்தியானம் அவளும் ஏறி உட்கார்ந்தாள். எல்லாரும் உட்காரும்போது ஒருத்தி மட்டும் அலுத்து நிற்க முடியாது.

இப்படியாக, சுருளியை இறக்குவதற்காக பெத்தணன் ஜீப்பைப் பலமாக்கப் பலமாக்க, அந்தப் பலத்துக்கு விலையாகவே அது பாரமாகிக்கொண்டு போயிற்று. ஹவுசிங்கை அவன் மாற்றிய வாரத்தில் பட்டைகள் வில்லாக நிமிர்ந்து நின்றன, அடுத்த வாரத்தில் படிந்து நேராயின, அதற்கடுத்த வாரத்தில் மறுபக்கம் வளைந்தன. அவன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராமல் அங்கேயே சாப்பிட்டான். அவன் முகத்தைப் பார்த்து யாராவது அலுப்பா என்று கேட்டிருக்கலாம். ஊரில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லாமல் போயிருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ராவுத்தர் பட்டையைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப்புகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கோவேறு கழுதைக்காரனோடு நடந்தே மேலே வந்திருந்தார். அவர் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் சுருளிக்கு வலி எடுத்தது.

ஜீப்பு களத்தில் நின்றது. நின்றது என்று சொல்வதைவிட, நட்டது போல இருந்தது, சிமெண்டுத் தளம் வெடித்து நாலு சக்கரமும் அச்சு வரைக்கும் இறங்கியிருந்தன. பெத்தணன் ஸ்டார்ட் செய்து ஃபோர் வீல் போட்டான். இஞ்சின் கத்தியது, புகை மழைக்குள் நின்றது, சேஸில் வெல்டிங் வைத்த இடம் துணி கிழிகிற சத்தத்தோடு விட்டது. ஒரு சக்கரமும் அசையவில்லை. ராவுத்தர் சேற்றில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இனிமே போடுறதுக்கு எடமில்ல மாப்ள. போட்டா அந்த இரும்பையே இது இழுக்காது."

களத்தை ஒட்டிய சாக்கு அறையில் சுருளியைப் படுக்க வைத்திருந்தார்கள். சத்தம் கேட்டது. சவுந்தரபாண்டி குடையைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் டோலிதான் கட்டவேண்டும் என்றார். டோலி என்ற சொல் விழுந்ததும் ஊர் மொத்தமும் பெத்தணனைப் பார்க்காமல் இருக்க வேறு வேறு பக்கம் பார்த்தது. அவன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில், தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பெருமாயி அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏ தம்பி, சுமைதாங்கியில தலைச்சுமைய எறக்கி வைப்போம்ல. பெறகு என்ன செய்வோம்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தூக்கிட்டுப் போவோம் மதினி."

"விட்டுட்டுப் போவமா?"

"அதெப்படிப் போவாங்க."

"இதுல எறக்குனத எவ தூக்குனா?"

பெருமாயி ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவள் மாதிரிக் கொஞ்ச நேரம் கையால் தடவினாள், ஒரு இடத்தில் நிறுத்தினாள், ஆட்டைக் கூப்பிடுகிற குரலில் வந்துரு என்றாள். இறங்கும்போது முதுகு வளைந்து, ஒரு கை இடுப்பில், ஒரு கை முட்டியில். வெடித்த விரல்கள் அப்போதுதான் அவளுக்கு வலித்தன. ஜீப்பின் பின்பக்கம் ஒரு விரல் உயர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். கோவில் வாசலில் குவிந்து கிடக்கிற செருப்பில் தன்னுடையது எது என்று காலுக்குத் தெரிவதைப் போல, அவரவருடையது அவரவருக்குத் தெரிந்தது. ஒச்சப்பன் அவசரத்தில் யாருடையதையோ எடுத்துக்கொண்டு இறங்கி, தனக்கு இல்லாத ஒரு பிள்ளையை நினைத்து அழுதுகொண்டு நின்றான், பெண்டாட்டி அவனைத் திருப்பி ஏற்றி மாற்றி எடுக்க வைத்தாள். கொள்ளி வைத்தவன் தன் அலுப்போடு தகப்பனுடையதையும் தேடி எடுத்தான். மாமியார்கள் மருமகள்களை முறைத்துக்கொண்டே இறங்கினார்கள். ராவுத்தரும் ஏறி, என்னோடது இங்கதான் அடியில எங்கயோ கெடக்கும் என்று சொல்லி, பழைய கூனோடு இறங்கினார். ஊர் களத்தைச் சுற்றிக் குந்தியும் சாய்ந்தும் கிடந்தது. ஜீப்பு முக்கால்வாசி எழுந்துவிட்டது. ஆனால் முழுதாக எழவில்லை.

பெருமாயி மறுபடி ஏறிப் பார்த்தாள். இன்னும் நிறைய இருந்தது, ஆனால் யாருடையதும் இல்லை. தொட்டுப் பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தன்னுடையது இல்லை என்றாள். பெருமாயிக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டாம் சுத்து" என்றாள். "ரைட்டரய்யா, இது ஒங்களோடது."

"நான் இந்த வண்டியில ஒக்காந்ததே இல்லையேம்மா."

"ஒக்காரலதான். அதான் மிச்சம் கெடக்கு."

சவுந்தரபாண்டி சுற்றிலும் பார்த்தார். கோபப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை, அத்தனை பேரும் அலுத்த கண்களோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுருளி மறுபடி கத்தினாள். அவர் குடையை மடக்கி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. களத்தில் நாலு எட்டு வைத்தார், ஈரக் காப்பிக் குவியலில் உட்கார்ந்தார், பிறகு படுத்துக்கொண்டார். யாரோ அவர்மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார்கள்.

ஜீப்பு எழுந்து நின்றது. பெத்தணன் களத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். அப்போதுதான் வேறொன்று தெரிந்தது. லாரியைத் தாங்குகிற பட்டைகள், மேலே ஒன்றும் இல்லாமல், இரும்புக் கட்டையாக விறைத்து நின்றன, சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டி கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது, பின்னால் வைத்திருந்த டீசல் கேன் வெளியே போய் விழுந்தது. இதில் வலியெடுத்தவளை ஏற்றினால் முதல் வளைவுக்குள் என்ன ஆகும் என்பது பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. காப்பி மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார்கள். இத்தனை நாள் அலுப்பைத் தாங்கிப் பழகின பட்டைகள் காப்பிக்கு வளைந்து கொடுக்கவில்லை. பட்டையைக் கழற்றலாம் என்றால் துருவேறின போல்ட்டை அறுக்கவே பொழுது போய்விடும். ஊரார் மறுபடி இறக்கி வைக்கலாமென்றால், பெருமாயி ஒருத்தியைத் தவிர எல்லாரும் சாய்ந்த இடத்திலேயே தூங்கிப்போயிருந்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த தூக்கம், இடி இறங்கினாலும் கலையாது. பெருமாயியோ, என்னோடது ஒண்ணு போதாது என்றாள்.

ராவுத்தர் பெத்தணனைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார், ஒரு இரும்பைப் பார்த்து இது எவ்வளவு தாங்கியிருக்கும் என்று கணக்குப் போடுகிற பார்வை.

"சாவியக் குடு மாப்ள. நீ பின்னால ஏறு."

பெத்தணன் தயங்கினான். அந்தப் பாதையில் வேறொருவர் கையில் வண்டியைக் கொடுத்ததே இல்லை. ராவுத்தர், கியரைத் திருப்பி மாட்டியவனே நான்தான் என்று சொல்லி முன்னால் ஏறினார். பெத்தணன் ஏறி, பின்சீட்டில், செல்லக்காமுவின் பெயர் எழுதிய வண்டியில் முதல் தடவையாக, முதுகைச் சாய்த்தான்.

பட்டைகள் ஒவ்வொன்றாகப் படிந்தன. மேல் பட்டை, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, முனகலோடு. அளவெடுத்துச் செய்ததைப் போல ஒரு மட்டத்தில் வந்து நின்றன. அதற்கு மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. பெருமாயியும் ராவுத்தரும் சுருளியைத் தாங்கிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவள் தலையை அவன் மடியில் வைத்துக்கொண்டான். பெருமாயி காலடியில் உட்கார்ந்தாள்.

ராவுத்தர் ஒவ்வொரு வளைவுக்கும் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே இறக்கினார். பாறைமேல் ஏறி இறங்கும்போது வண்டி தொட்டில் மாதிரி அசைந்தது. சித்தப்பா, எங்க வந்திருக்கோம் என்று சுருளி கேட்டுக்கொண்டே வந்தாள், அவன் சொல்லிக்கொண்டே வந்தான். ஓட்டுகிறவனாக இத்தனை வருடமும் அவன் பார்த்ததெல்லாம் எதிரே வருகிற பாதையை. வழுக்குப்பாறை வளைவு ஒவ்வொரு தடவையும் அவனை நோக்கித்தான் வந்தது, வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் பார்ப்பான். இன்றைக்குப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். சுமைதாங்கிக் கல் பக்கவாட்டில் வந்தது, கையெட்டுகிற தூரத்தில் கடந்தது, பிறகு மழைக்குள் சின்னதாகிக்கொண்டே போனது. அது போகும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"எங்க சித்தப்பா வந்திருக்கோம்?"

"வளைவு தாண்டிருச்சும்மா" என்றான்.

மழை வெறிப்பதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. பெத்தணன் தன்னுடையதை எடுக்காமல் இறங்கினான். ராவுத்தர் கேட்டதற்கு, பிள்ளையையும் தாயையும் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு போகவேண்டும் இல்லையா மாமா, அதுவரைக்கும் வண்டியில் கிடக்கட்டும், அது இருந்தால்தான் வண்டி குதிக்காது என்றான். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அவன் தூக்கம் இல்லாமல் இருந்தான், ஆனால் அலுப்பில்லாமல் இருந்தான். போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். கிழிந்த சேஸை ராவுத்தர் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்.

வெயில் அடித்த ஒரு நாளில் அவனே ஓட்டி மேலே போனான். பிள்ளை ஏணிப்பாறை வரை கண்ணைத் திறக்கவில்லை. பெருமாயி வீட்டு வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, வண்டியைக் களத்தில் நிறுத்தி, பின்னால் ஏறி உட்கார்ந்தான். பெருமாயி பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"கெடந்துட்டுப் போகுது, விட்டுரேன் தம்பி. ஒன்னோடது ஒண்ணுதான."

"என்னோடது மதினி" என்றான்.

எடுத்துக்கொண்டான். குறைந்திருக்கவில்லை, கூடியும் இருக்கவில்லை, பழகிய எடைதான். இன்றைக்கும் ஏணிப்பாறையில் அந்த ஜீப்பில் ஏறி உட்காருகிறவர்கள் உண்டு, ஒரு டீயைக் குடித்து முடிக்கிற நேரம் உட்காருவார்கள், பிறகு தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். எடுக்காமல் இறங்குகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, ஏப்பா விட்டுட்டுப் போற என்று சொல்வார்கள்.

பெத்தணன் அன்றைக்கு மத்தியான வெயிலில் வீட்டுக்கு நடந்தான். கதவைச் சாத்தவில்லை. பாயை விரித்துப் படுத்தான், படுத்ததும் தூங்கிப்போனான். களத்தில் ஜீப்பின் பட்டைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டன.